மாவுச்சத்து குறைந்த வீட்டுச் சமையல்: எதைச் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கிறதே?

முல்லைவனம்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் இருவருக்கு மாவுச்சத்தைக் குறைத்துச் சமைக்க வேண்டியிருப்பதால், தானியம், கிழங்கு, சர்க்கரை மூன்றையும் விட்டுவிட்டு, முட்டை, கோழி, மீன், கீரை, முட்டைகோஸ், காலிஃப்ளவர், காளான் என்ற வட்டத்துக்குள்ளேயே சமைத்து வருகிறேன். உடல்நிலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சிக்கல் நாக்கில்தான். மசாலாவை மாற்றினாலும், புதிய செய்முறைகளைத் தேடிப் பிடித்தாலும், தட்டுக்கு வந்ததும் எல்லாம் முன்தினம் சாப்பிட்டதைப் போலவே இருக்கிறது, பாதியிலேயே திகட்டிவிடுகிறது. காலிஃப்ளவரைத் துருவிச் சோற்றைப் போலச் செய்தால் குழைந்து நீர் விடுகிறது, பாதாம் மாவில் ரொட்டி தட்டினால் எடுக்கும்போதே உதிர்கிறது. அபூர்வமான பொருள்களைத் தேடி அலையாமல், கையில் இருப்பவற்றைக் கொண்டே உணவில் மாறுதல் கொண்டுவர வழி உண்டா?

அடுப்பங்கரை:

நீங்கள் குறையைப் பொருள்களின் பட்டியலில் தேடுகிறீர்கள். எனக்கென்னவோ அது தட்டின் அமைப்பில் இருப்பதாகத் தோன்றுகிறது. சோறும் ரொட்டியும் வெறும் மாவுச்சத்தாக மட்டும் தட்டில் இருக்கவில்லை. உப்பும் காரமும் புளிப்பும் ஏறிய பதார்த்தங்களுக்கு நடுவே நாக்கு இளைப்பாற ஓர் இடத்தையும் கொடுத்தன. அதை எடுத்துவிட்ட பிறகு, தொட்டுக்கொள்வதற்காக உருவான சுவை அழுத்தத்தோடு இருக்கும் ஒன்றையே முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை சாப்பிட நேர்கிறது. திகட்டாமல் என்ன செய்யும்? ஓர் உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அதன்மீதுள்ள விருப்பம் சரிவதையும், அதே வேளையில் உண்ணாத மற்ற உணவுகளின்மீதுள்ள விருப்பம் அவ்வளவாகக் குறையாமல் இருப்பதையும் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் விவரித்திருக்கிறார்கள். சுவையோடு மணம், பதம் ஆகியவையும் இதில் சேரும்.

ஆகவே, தட்டில் ஒரு பொருளையாவது மசாலா படாமல், உப்பும் மிகக் குறைவாக வையுங்கள். ஆவியில் வெந்த முட்டைகோஸ், நறுக்கிய வெள்ளரி, நீர் வடித்த கெட்டித் தயிர், எதுவானாலும் சரி. பக்கத்தில் இருக்கும் கோழியின் சுவை அப்போதுதான் எடுபடும்.

அடுத்தது பதம். முட்டைகோஸ் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: மெல்லியதாகச் சீவி எலுமிச்சைச் சாறு பிசைந்தால் நறுநறுவென்று இருக்கும், தண்டோடு சேர்த்துத் தடித்த துண்டுகளாக வெட்டி, சூடான வாணலியில் ஓரம் கருகும்வரை விட்டால் இனிப்பும் லேசான கசப்புமாக மாறும், வெண்ணெயில் மூடிபோட்டு நெடுநேரம் சிறுதீயில் வைத்தால் வாயில் கரையும், எடையில் 2 சதவீத உப்புச் சேர்த்து அழுத்தி, சாறு மேலே நிற்கும்படி மூடி வைத்தால் சில நாள்களில் புளித்துவிடும். புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதியை அமிலமாக்கிவிடுவதால், மாவுச்சத்துக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு சிறு லாபம். வாரம் முழுவதும் மசாலாப் பொடியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட, ஒரே காயை இப்படி நான்கு விதமாகச் சமைப்பதையே நான் விரும்புவேன்.

இரும்புவாணலி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். காலிஃப்ளவரும் பாதாம் மாவும் படுத்தும் பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காலிஃப்ளவரின் எடையில் 92 சதவீதம் தண்ணீர். துருவியதை வாணலியில் குவித்து, உப்பைத் தூவி, மூடியும் போட்டால் அது தன் நீரிலேயே வெந்து குழைவதைத் தவிர வேறு வழியில்லை. உணவு பொன்னிறமாகி வறுத்த மணம் வருவதற்கு அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பின் வெப்பம் நீரின் கொதிநிலையான 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். எனவே துருவலைத் துணியில் கட்டிப் பிழிந்து, அகலமான வாணலி நன்றாகச் சூடேறிய பிறகு அதில் மெல்லிய படுகையாகப் பரப்பி, மூடாமல், சிறிது நேரம் கிளறாமலும் விடுங்கள், உப்பு கடைசியில். காளானுக்கும் இதே விதிதான். வாணலி கொள்ளாத அளவுக்கு ஒரே முறையில் கொட்டுவதால்தான் பல வீடுகளில் காளான் ரப்பராகிறது.

பாதாம் மாவில் குளூட்டன் இல்லை; ஆகவே கோதுமை மாவைப் போல அது இழுபடும் என்று எதிர்பார்க்க இயலாது. ஒரு கோப்பை மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் உமியைப் பொடித்துக் கலந்து, வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வையுங்கள். உமி நீரை இழுத்துப் பசைபோல் ஆகி மாவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உதிராது. தேங்காய் மாவை மட்டும் அதே அளவில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அது நீரை மிக அதிகமாக உறிஞ்சுவதால், பாதாம் மாவு இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ கால் பங்கே போதும்.

கணக்கன்:

மாறுதலுக்கு ஆசைப்பட்டு, நாமறியாமல் மாவுச்சத்து ஏறிவிடும் இடங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 கிராம் காலிஃப்ளவரில் மாவுச்சத்து சுமார் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. வெங்காயத்தில் 9 கிராம், முந்திரியில் 30 கிராம். வெங்காயத்தையும் முந்திரியையும் தாராளமாக அரைத்து ஊற்றிய ஒரு கிரேவி, காலிஃப்ளவரில் மிச்சப்படுத்தியதையெல்லாம் எளிதாகச் செலவழித்துவிடும். முந்திரிக்குப் பதில் பாதாமோ வால்நட்டோ சேர்க்கலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: உங்களுடைய நாளொன்றின் வரம்பு எவ்வளவு? மாவுச்சத்து குறைந்த உணவு என்று 130 கிராமுக்குக் கீழே உள்ளதையும் சொல்கிறார்கள், 20 முதல் 50 கிராம்வரை மட்டும் அனுமதிக்கும் கடுமையான முறையையும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிது. முதலாவது உங்களுடையது என்றால், பருப்பு வகைகளை முற்றாக விலக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வேகவைத்த மசூர்ப் பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், அதில் 8 கிராம் நார்ச்சத்து. வீட்டில் யாரேனும் நீரிழிவுக்கு இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், மாவுச்சத்தைக் குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்வதே முறை.

முல்லைவனம்:

அனைவருக்கும் நன்றி. எங்கள் வரம்பு நாளுக்கு 100 கிராம் என்பதால், பருப்பை இவ்வளவு காலம் தேவையில்லாமல் தள்ளி வைத்திருக்கிறேன் என்று புரிகிறது. மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: மாவு கரைத்து ஊற்றாமல் சாஸைக் கெட்டியாக்குவது எப்படி? கிரீம் ஊற்றினால் அதுவும் எல்லா உணவையும் ஒரே சுவைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

அடுப்பங்கரை:

கிரீமைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. சாற்றை அகலப் பாத்திரத்தில் சுண்டவிடுவதே முதல் வழி. சுண்டச் சுண்ட உப்பும் செறியும் என்பதால், உப்பைப் பின்னால் சேருங்கள். வெந்த காலிஃப்ளவரை மைய அரைத்துக் கலந்தால் சுவையை அதிகம் மாற்றாமல் கெட்டிப்படும். வறுத்த எள்ளை அரைத்துச் சேர்த்தால் அதன் மணம் முன்னுக்கு வரும், அதற்கு ஏற்ற உணவில் மட்டும் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது முட்டை மஞ்சள் கரு. ஆனால் மாவு சேர்ந்த சாஸில் மஞ்சள் கரு திரியாமல் காப்பது அந்த மாவுதான். இங்கே அது இல்லாததால் கூடுதல் கவனம் வேண்டும். கருவைத் தனியே அடித்து, சூடான சாஸில் ஒரு கரண்டியை அதில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கிய பிறகு, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தில் சேருங்கள். மறுபடி கொதிக்கவிட வேண்டாம். மிச்சமானதை மறுநாள் சூடாக்குவதும் சிறுதீயில்தான்.