பெரிய வீட்டுக்குத் தானியங்கி நிலக்கரி பாய்லர்: வாங்கியவர்களின் அனுபவங்கள்

பண்ணைவீட்டுக்காரர்:

பென்சில்வேனியாவின் ஸ்கூகில் கவுண்டியில் நாங்கள் வாங்கிய பழைய பண்ணை வீட்டில் பதினோரு அறைகள் இருக்கின்றன. தண்ணீரைச் சூடாக்கி வீட்டை வெதுவெதுப்பாக வைக்கும் எண்ணெய் பாய்லர் முதல் குளிர்காலத்தில் 1,200 காலன் குடித்தது. ஆந்திரசைட் என்னும் கடின நிலக்கரியை வெட்டியெடுக்கும் மண்ணில் குடியிருந்துகொண்டு எண்ணெய்க்கு இவ்வளவு கொட்டிக் கொடுப்பானேன் என்று தோன்றியதால், தானே கரியை ஊட்டிக்கொண்டு, எரிந்த சாம்பலைத் தானே தள்ளிவிடும் ஸ்டோக்கர் பாய்லரைத் தேடத் தொடங்கினோம்.

பார்க்க வந்த விற்பனையாளர் ஒருவர் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு, மணிக்கு 2,00,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) தரும் பாய்லரைப் பரிந்துரைத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எண்ணெய் ரசீதுகளை விரித்துவைத்துக் கணக்குப் போட்டேன். கடுங்குளிர் வாரத்தில் நாளொன்றுக்கு 14 காலன் எரிந்திருந்தது. ஒரு காலனில் ஏறத்தாழ 1,38,500 பி.டி.யு. இருக்கிறது என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்குதான் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது என்றும் வைத்துக்கொண்டால், அந்த வாரத்தில்கூட வீடு கேட்டது மணிக்கு 65,000 பி.டி.யு. அளவுதான். ஆகவே 1,00,000 பி.டி.யு. பாய்லரே தாராளம் என்று முடிவு செய்தோம். ஒரு டன் ஆந்திரசைட் சுமார் 180 காலன் எண்ணெய்க்கு ஈடு என்பதால், ஆண்டுக்கு ஏழு டன் போதும் என்ற கணக்கும் ஒத்துவந்தது.

பெரியதாக வாங்கிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெயை வேண்டும்போது பற்றவைத்து, வேண்டாதபோது அணைத்துவிடலாம். ஆந்திரசைட் அப்படிச் சட்டென்று பற்றாது, அதன் கங்கு இரவும் பகலும் உயிரோடு இருக்க வேண்டும். வீடு வெப்பம் கேட்காத அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் டைமர் சிறிது நேரத்துக்கொருமுறை கொஞ்சம் கரியைத் தள்ளிக் கங்கைக் காக்கிறது. அது அதிகமானால் தண்ணீர் தேவைக்குமேல் சூடேறும், குறைந்தால் கங்கு அணைந்துபோகும். பாய்லர் பெரிதாக ஆக, இந்த இடைவெளி ஒடுங்கிக்கொண்டே வரும். முதல் மாதம் முழுவதும் காலையில் பாய்லரின் கதவைத் திறந்து கரி எரியும் தட்டின் விளிம்பைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்த சாம்பலும் அதற்குப் பின்னால் செங்கங்கும் தெரிந்தால் ஊட்டும் வேகம் சரி. சாம்பல் பெட்டிக்குள் கறுப்புக் கரித்துண்டுகள் கிடந்தால் எரியாமலே விழுகிறது என்று பொருள்.

நிலவறைவாசி:

பண்ணைவீட்டு அண்ணா சொன்ன கணக்கை நானும் போட்டேன், ஆனால் கரி எந்த வழியாக வரும் என்று யோசிக்கத் தவறிவிட்டேன். நாங்கள் வாங்கியது மேலே தொட்டி வைத்த வகை. கடுங்குளிரில் நாளுக்கு 100 பவுண்டு எரியும் வீட்டில், அவ்வளவையும் வாளி வாளியாகத் தூக்கி ஊற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டது. பிறகு கரிக்கிடங்கிலிருந்து திருகுத்தண்டு நேரே இழுத்துக்கொள்ளும் வகைக்கு மாறினோம். லாரி வந்து சரிவுத்தகடு வழியாகக் கிடங்கில் கொட்டிவிட்டுப் போகிறது. நான் சாம்பலை மட்டும் எடுக்கிறேன், அதுவும் 100 பவுண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டுதான். வாங்குமுன் எந்தப் பருமனில் கரி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருமன்களில் ஒன்றுக்கு ரைஸ் என்று பெயரிருந்தாலும் அது அரிசியைவிடப் பெரியது, பட்டாணியைவிடச் சற்றுச் சிறிய சில்லுகள். அதற்கென்று செய்த ஸ்டோக்கரில் பெரிய பருமனைப் போட்டால் சிக்கிக்கொள்ளும்.

மலைச்சரிவு:

இருவரும் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஆந்திரசைட்டில் புகை தெரியாது, ஆனால் நுண்சாம்பல் புகைக்குழாயின் வளைவுகளில் மெல்ல மெல்லப் படிகிறது. ஒரு பிப்ரவரி இரவு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்கும் எங்கள் அலாரம் அலறி, பிள்ளைகளைப் போர்வையோடு வாரிக்கொண்டு பனியில் ஓடினோம். மறுநாள் குழாயைக் கழற்றியபோது முக்கால் பங்கு சாம்பலால் அடைத்திருந்தது. எளிதாகக் கழற்றித் துடைக்கக்கூடிய குழாய் இல்லாத பாய்லரை இனி நான் வாங்க மாட்டேன். அன்றிலிருந்து படுக்கையறை வாசலில் ஒன்று, நிலவறைப் படியில் ஒன்று என இரண்டு அலாரம் வைத்திருக்கிறோம். குழாயை ஆறு வாரத்துக்கொருமுறை நானே கழற்றுகிறேன்.