மறு: ஐடில் ஹண்டிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

> கட்டுரையில் 'சீரற்ற செயலற்ற வேகம்' என்று போட்டிருக்கிறேன். குழுவினர் கருத்துச் சொல்லவும்.

வணக்கம் ஐயா,

ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் வேகம் நிலையாக நிற்காமல் ஏறி இறங்குவதுதான் ஐடில் ஹண்டிங். அதில் 'ஐடில்' என்பதற்குச் 'செயலற்ற' என்று போட்டது எனக்கு ஒப்பவில்லை. செயலற்றது என்றால் ஓடாதது. இங்கே எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிலேட்டரை யாரும் மிதிக்கவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக்குகள் இதைச் 'சிலோ' என்பார்கள். 'சிலோ நிக்கல', 'சிலோவ ஏத்தி வைங்க' என்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும். எழுத்தில் 'வெற்றோட்டம்' போதும். வெள்ளோட்டத்தோடு குழம்பும் என்று ஒருவர் முன்பு சொன்னார்; வாக்கியத்தில் வைத்துப் படித்தால் குழம்பாது. 'சுமையற்ற ஓட்டம்' மட்டும் வேண்டாம். ஏசி போட்டால் கம்ப்ரஸரை அந்த வேகத்திலும் எஞ்சின்தான் இழுக்கிறது.

எனக்குப் பெரிய உறுத்தல் 'சீரற்ற'தான். வைத்தியம் வெவ்வேறாக உள்ள மூன்றை அது ஒன்றாக்கிவிடுகிறது.

முதலாவது, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) காட்டும் ஊசி 900-க்கும் 1500-க்கும் இடையே தாளம் தப்பாமல் ஏறி இறங்குவது. ஹண்டிங் என்பது இதுதான். எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால் வேக்யூம் ஹோஸ் (குழாய்) ஒன்று கிழிந்திருக்கிறது என்று வையுங்கள். த்ராட்டில் மூடியிருந்தும் காற்று உள்ளே போகிறது, வேகம் ஏறுகிறது. கால் எடுத்திருக்கிறது, வேகமோ அதிகம். அப்படியானால் வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று எஞ்சினை நடத்தும் கணினி நினைத்து எரிபொருளை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது. அணைந்துவிடாமல் இருக்க மறுபடி எரிபொருள் விடுகிறது. ஏறுகிறது. இதில் வேட்டையும் இல்லை, வேடனும் இல்லை. இலக்கைத் தாண்டித் தாண்டித் திருத்திக்கொள்வதற்கு இயற்பியல் பாடநூலிலேயே சொல் இருக்கிறது: அலைவு. ஆகவே 'வெற்றோட்ட அலைவு'.

இரண்டாவதில் ஊசி பெரிதாக அசையாது, வண்டிதான் உதறும். ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர் என்று பார்க்க வேண்டும். இதற்கு 'நடுக்கம்'.

மூன்றாவது கோளாறே அல்ல. வேகத்துக்காகப் பெரிய கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட எஞ்சினில் இன்டேக் (காற்று வரும் வழி), எக்ஸாஸ்ட் (புகை போகும் வழி) வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். மெதுவாக ஓடும்போது எரிந்த புகை திரும்ப உள்ளே வந்து கலக்கும். எரிதல் விட்டு விட்டு நடக்கும். வாங்கியவர் காசு கொடுத்ததே அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான். 'துள்ளல்' என்று வைக்கலாம். (கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. நல்ல வெற்றோட்டத்துக்கு வஞ்சிப்பாதான் பொருத்தம்!)

பெயரைப் பிரித்தால் பழுது பார்ப்பதும் பிரிந்துவிடும். துள்ளலை அலைவு என்று எழுதினால் படிப்பவர் இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்தக் கேமில் எரியாத காற்று எக்ஸாஸ்டுக்குத் தப்பிப் போவதால் ஆக்சிஜன் சென்சார் 'பெட்ரோல் குறைவு' என்று பொய் சொல்லும். கணினி அதை நம்பி மேலும் ஊற்றும். அதனால் டியூன் செய்பவர்கள் வெற்றோட்டத்தில் அந்தச் சென்சாரின் பேச்சைக் கேட்காதபடி நிறுத்திவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள்.

அலைவுக்கான சோதனையையும் கட்டுரையில் சேருங்கள். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் வெற்றோட்டத்தில் +20% காட்டி, 2500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கசிவுதான். மொத்தக் காற்று கூடும்போது கசிவின் பங்கு சிறுத்துவிடும். வேகம் கூடக் கூடத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். கசிவு எங்கே என்பதை இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால் துடைத்த பிறகு கணினிக்கு வெற்றோட்டத்தை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு 'சுத்தம் பண்ணியும் சரியாகவில்லை' என்பவர்கள் நிறையப் பேர்.

---

> ஆகவே 'வெற்றோட்ட அலைவு'.

ஏற்கிறேன் ஐயா. அப்புறம், நான்காவது ஒன்று விட்டுப்போயிற்று. டர்போ காரில் காலை எடுத்ததும் வேகம் 400-க்கு விழுந்து, சில சமயம் அணைந்தும் போகும். காலை எடுத்ததும் டர்போவின் மிச்சக் காற்றை விடுவிக்கும் புளோ-ஆஃப் வால்வை வெளியே திறந்துவிடும் வகையாக மாற்றியவர்களுக்கு இது வரும். சென்சார் எண்ணிய காற்று வெளியே போய்விடுகிறது, அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே வருகிறது. ஒருமுறை விழுந்து எழுவதால் இதை அலைவில் சேர்க்க முடியாது. 'சரிவு' என்று தனியாகப் போடுகிறேன். மருந்து, அந்தக் காற்றைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் வால்வு. 'துள்ளல்' மட்டும் இரண்டு நாள் இருக்கட்டும். 'குதியோட்டம்' நன்றாக இருக்குமோ என்று ஒரு யோசனை.