ஊரடங்கு நேரத்து எஃப்ஐஆர் இப்போது தம்பியின் போலீஸ் வேலைக்கு இடைஞ்சலாகுமா?

விருதுநகர்_அக்கா:
வணக்கம். தம்பி இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தாண்டி வெரிஃபிகேஷன் படிவம் நிரப்பும் கட்டத்தில் இருக்கிறான். 2020 ஏப்ரலில் அப்பாவுக்கு சுகர் மாத்திரை வாங்க பைக்கில் போனவனை செக்போஸ்ட்டில் நிறுத்தி, வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏதோ தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். வண்டி திரும்பி வந்ததோடு நாங்களும் விட்டுவிட்டோம். அது எஃப்ஐஆரா, சும்மா எச்சரிக்கையா என்பதே தெரியாது. இப்போது படிவத்தில் 'உங்கள் மீது எப்போதாவது வழக்கு பதிவாகியுள்ளதா' என்று இருக்கிறது. ஊரடங்கு கேஸ் எல்லாம் அரசே வாபஸ் வாங்கியாச்சு, 'இல்லை' என்று எழுதிவிடு என்கிறார் பெரியப்பா. எழுதலாமா? அப்புறம், மாத்திரை வாங்கப் போனது எந்தச் சட்டப்படி குற்றம்?

கோர்ட்வாசல்:
'இல்லை' என்று மட்டும் எழுதிவிட வேண்டாம் சகோதரி. அந்த கேஸ் இவனைக் கவிழ்க்காது, மறைத்தால்தான் கவிழ்வான். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே பேசியிருக்கிறது. சின்ன வழக்கு என்றால் மறைத்ததைக்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். ஆனால் 'மன்னிக்கலாம்' என்றுதான் சொன்னது, மன்னித்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அதுவும் போலீஸ் வேலைக்கு விதி ரொம்பக் கடுமை, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் பார்ப்பார்கள்.

வாபஸ் விஷயம்: 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் வழக்குகள் சுமார் 10 லட்சம் கைவிடப்படும் என்று அறிவித்தார். வன்முறை, போலீஸைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, போலி இ-பாஸ் ஆகியவற்றுக்கு விலக்கு. அறிவிப்பு வந்தது என்பதற்காக உங்கள் கேஸ் தாளில் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எஃப்ஐஆரோடு நின்றிருந்தால் 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று பதிவாகியிருக்க வேண்டும். சார்ஜ்ஷீட் போயிருந்தால் அரசு வழக்கறிஞர் மனு போட்டு, மாஜிஸ்திரேட் சம்மதித்திருக்க வேண்டும்.

எந்தச் சட்டம் என்று கேட்டீர்கள். 1897-இல் பம்பாய் பிளேக்கின்போது வெள்ளைக்காரன் அவசரமாகப் போட்ட தொற்றுநோய்ச் சட்டம். முதலில் மொத்தமே 4 பிரிவுதான். தண்டனை என்ன என்பதைத் தானே சொல்லாமல், 2024 ஜூலை வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவைக் கைகாட்டியது. 188 என்றால் அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது, அதிகபட்சம் 6 மாதம். வேடிக்கை என்னவென்றால், அந்த ஊழியரோ அவருக்கு மேலே உள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் 188-ஐக் கையிலெடுக்க முடியும் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-வது பிரிவு சொன்னது. ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குப் போலீஸ் எஃப்ஐஆரே போடக்கூடாது என்று 2018-லேயே சொல்லியாச்சு. கொரோனா வருவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்! அதற்குப் பிறகும் லட்சக்கணக்கில் போட்டார்கள்.

ரிட்டையர்டு_ஹெல்த்இன்ஸ்பெக்டர்:
வக்கீல் தம்பி சட்டம் சரியாகச் சொல்கிறார், ஆனால் அந்த ஏப்ரலில் தெருவில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, கூட்டத்தைக் கலைக்க எங்களுக்கு வேறு என்ன இருந்தது? எனக்கு வருத்தமெல்லாம் கையில் இருந்ததை விட்டுவிட்டார்களே என்பதுதான். நம்மிடம் 1939-லிருந்தே தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தி முகக்கவசம் இல்லையென்றால் 200, எச்சில் துப்பினால் 500, விதியை மீறும் கடைக்கு 5,000 என்று ஸ்பாட் ஃபைன் கொண்டுவந்தார்கள். ஆள் காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவான், பேர் எங்கேயும் ஏறாது. இதை மார்ச்சிலேயே செய்திருந்தால் இந்த அம்மா இங்கே வந்து கேட்க வேண்டிய நிலை வந்திருக்காது.

சும்மா_ஒருத்தன்:
ஃபைன் மட்டும் போட்டிருந்தால் நானும் பேசமாட்டேன் சார். போலீஸ் சித்திரவதையில் இறந்த சாத்தான்குளம் அப்பா, மகன் மீது வழக்கு போட்டதும் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று சொல்லித்தானே? ஒருபக்கம் 1897 சட்டம், ஒருபக்கம் டெல்லியிலிருந்து 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒருபக்கம் 144 தடை உத்தரவு. நிற்கிறவனுக்கு எதை மீறினோம் என்றே புரியாது. பேரிடர் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே போடலாம், அதே சட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவித்தொகை தரவேண்டும் என்றும் இருக்கிறது. முதலாவது மார்ச் 2020-லேயே வேலை செய்தது. இரண்டாவதுக்கு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது, அப்புறம்தான் 50,000 ரூபாய் வந்தது.

கோர்ட்வாசல்:
@சும்மா_ஒருத்தன் ஒப்புக்கொள்கிறேன். 2020-இல் 1897 சட்டத்தைத் திருத்தினார்கள், அதுவும் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 7 ஆண்டு வரை தண்டனை என்பதற்காகத்தான் பெரும்பாலும். தேவையான திருத்தம், மறுக்கவில்லை. ஆனால் தனிமைப்படுத்தலை யார், எத்தனை நாளைக்கு, எந்தக் காரணத்தைச் சொல்லி உத்தரவிடலாம், அதை எதிர்த்து எங்கே போவது என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. 2024-இல் சட்ட ஆணையம் தன் 286-வது அறிக்கையில் இந்தச் சட்டம் போதாது என்று சொல்லிவிட்டது.

விருதுநகர்_அக்கா:
எல்லோருக்கும் நன்றி. போலீஸ் வெப்சைட்டில் தேடியதில் எஃப்ஐஆர் கிடைத்தது. 188-உம் 269-உம் போட்டிருக்கிறார்கள். 269 என்றால் என்ன? இன்னும் மோசமா?

கோர்ட்வாசல்:
அலட்சியத்தால் நோய் பரப்பக்கூடிய செயல். இதற்கு 195 தடை பொருந்தாது, போலீஸே எஃப்ஐஆர் போடலாம். ஆனால் தனியாக பைக்கில் போனவன் யாருக்குப் பரப்பினான் என்று கேட்டால் பதில் இருக்காது. தவிர, இரண்டுமே 6 மாதத்துக்கு மேல் தண்டனை இல்லாதவை, அதனால் பொதுவாக ஓராண்டுக்குள் சார்ஜ்ஷீட் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். இன்றுவரை போகவில்லையென்றால் காலம் கடந்துவிட்டது.

இப்போது செய்யவேண்டியது: அந்த ஸ்டேஷன் எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டு, வழக்கு என்ன ஆனது என்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். கைவிட்டதாக உத்தரவு இருந்தால், படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, குற்ற எண்ணும் பிரிவும் குறிப்பிட்டு நகலை இணையுங்கள். இன்னும் விசாரணையில் என்றே காட்டினால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து மனு போடலாம், அதற்காகப் படிவத்தின் கடைசித் தேதியைத் தவறவிட வேண்டாம், 'ஆம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மனுவைத் தனியாக நடத்துங்கள்.

விருதுநகர்_அக்கா:
சரிங்க சார். திங்கட்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறேன். நகல் மனுவுக்கு வக்கீல் வேண்டுமா, நாங்களே போடலாமா?

கோர்ட்வாசல்:
எஃப்ஐஆரில் தம்பி பெயர் இருக்கிறதே, அவனே போடலாம். குற்ற எண், வருடம் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள், ஆதார் நகலும் இருக்கட்டும்.