நாலு ரேம் ஸ்டிக் போட்டால் 6000 ஏறவில்லை. 7200 வாங்கினால் சரியாகுமா?

மாயூரம்_எடிட் (மயிலாடுதுறை)

ரைசன் 7 7700, பி650 போர்டு. முதலில் இருந்தது 2×16 ஜிபி டிடிஆர்5, வேகம் 5200, சிஎல்40 (சிஎல் என்பது ரேம் பதில் தர எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை). கல்யாண வீடியோ 4கே எடிட்டிங்குக்கு 32 ஜிபி போதாமல், 2×16 ஜிபி 6000 சிஎல்36 செட் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். எக்ஸ்போ (ரேம் கம்பெனி வைத்த வேக செட்டிங்) போட்டால் டிஸ்ப்ளே வருவதில்லை. கையால் 5200 வைத்தால் விண்டோஸ் திறக்கிறது, ரெண்டர் பாதியில் நீலத்திரை. 3600 வைத்தால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 7200 சிஎல்34 வாங்கலாமா? ஏசி இல்லாத அறை.

கொள்ளிடக்கரை (கும்பகோணம்)

போர்டில் கோளாறு இல்லை தம்பி. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே இதுதான்: ரெண்டு ஸ்டிக் என்றால் 5200, நாலு ஸ்டிக் என்றால் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக். போதாததற்கு உங்களுடையது ரெண்டு வேறு செட். எக்ஸ்போ என்பது அந்தப் பெட்டியில் இருக்கும் ஜோடிக்கு மட்டும் சோதித்த அளவு, பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் விருந்தாளிக்கு அது பொறுப்பேற்காது.

7200 வேண்டாம். உங்கள் சிபியு உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில், மெமரி கன்ட்ரோலர் (சிபியுவுக்குள் ரேமை இயக்கும் பகுதி) ரேமோடு ஒரே வேகத்தில் ஓடுவது 6000 வரைதான் நிச்சயம். நல்ல சிப் கிடைத்தால் 6400. அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கும். 7200-இல் ரேமின் கடிகாரம் அந்த எண்ணில் பாதி, 3600 மெகாஹெர்ட்ஸ், கன்ட்ரோலர் 1800. இந்த நஷ்டத்தை ஈடுகட்ட 8000 பக்கம் போக வேண்டும், அதற்கு பி650 போர்டுகள் பலவும் ஒத்துழைக்காது. இன்டெல் மெஷின்களுக்கு 7200 நல்ல செட், உங்களுக்கு இல்லை.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சிஎல்லை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோசெகண்டில் வரும். உங்கள் 5200 சிஎல்40-க்கு 15.4, 6000 சிஎல்36-க்கு 12, 6000 சிஎல்30-க்கு 10.

64 ஜிபி வேண்டும் என்பதால் 2×32 ஜிபி 6000 சிஎல்30, ஒரே பெட்டியில் வந்த ஜோடி, எக்ஸ்போ முத்திரையோடு. 48 போதுமென்றால் 2×24. போர்டு கம்பெனியின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மாட்டும் முறை: முதலில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணுங்கள். சிபியுவிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட். சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்குகளை அழித்து), ரேமின் இயல்பு வேகமான 4800-இல் ஒருமுறை ஏற்றிவிட்டு, பிறகு எக்ஸ்போ. முதல் தடவை மெமரி ட்ரெயினிங்குக்கு (ரேமுக்கு ஏற்ற அளவுகளை போர்டே சோதித்துப் பிடிப்பது) பல நிமிஷம் திரை கறுப்பாகவே நிற்கும். 10 நிமிஷமாவது பொறுங்கள், நடுவில் பவரை அணைக்காதீர்கள். உள்ளே போனதும் ஜென்டைமிங்ஸ் மென்பொருளில் பாருங்கள்: எம்கிளாக் (ரேம்) 3000, யூகிளாக் (கன்ட்ரோலர்) 3000, எஃப்கிளாக் (சிபியுவின் உள் இணைப்பு) 2000. யூகிளாக் 1500 என்று காட்டினால் பயாஸில் 1:1-ஐக் கையால் வையுங்கள். எஸ்ஓசி வோல்ட்டேஜ் (கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.20 முதல் 1.25-க்குள் போதும். 1.3-க்கு மேல் ஏஎம்டியே 2023-இல் பூட்டு போட்டுவிட்டது. சில 7800எக்ஸ்3டி சிப்கள் கருகிய பிறகு வந்த பூட்டு அது.

விண்டோஸுக்குப் போகும் முன் பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள். 64 ஜிபிக்கு ராத்திரி முழுக்க எடுக்கும். மறுநாள் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான ரேம் செட்டிங் விண்டோஸ் ஃபைல்களையும் புராஜெக்ட் ஃபைல்களையும் சத்தமில்லாமல் கெடுக்கும். நீலத்திரை வந்த அந்த 5200 செட்டிங்கில் ரெண்டரான ஃபைல்களை ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

மேலே சொன்னது சரி. வெப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை சென்சார் உண்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டும். 55 டிகிரியைத் தாண்டினால் இறுக்கிய டைமிங்குகள் (சிஎல் போன்ற தாமத அளவுகளைக் குறைத்து வைத்தவை) பிழை காட்டத் தொடங்கும். கிராஃபிக்ஸ் கார்டின் சூடு நேரே ரேம் மேல்தான் ஏறுகிறது. அதனால் ரேமை மட்டும் சோதித்தால் போதாது, கார்டுக்கும் சேர்த்து லோடு கொடுத்துச் சோதியுங்கள். மார்கழியில் பாஸான செட்டிங் கத்திரி வெயிலில் ஃபெயில் ஆவது இதனால்தான். ரேமைப் பார்த்தபடி ஒரு 120 மிமீ ஃபேன் வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். விளக்கு எரியும் உயரமான ஹீட்சிங்க் காசுக்குக் கேடு, பெரிய ஏர் கூலரையும் இடிக்கும்.

கடலோரமாக இருந்தால் ஸ்டிக்கின் தங்கப் பற்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

மாயூரம்_எடிட்

நன்றிங்க. ரெண்டு செட் விலை விசாரித்தேன். ஒன்றின் டைமிங் 30-38-38-96 (முதல் எண் சிஎல்), இன்னொன்று 30-40-40-96, விலை கொஞ்சம் குறைவு. 40-க்குப் பதில் 38 கிடைக்கும் அந்த 2 வித்தியாசத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா? எக்ஸ்போவுக்கு மேல் கையால் ஏதாவது இறுக்க முடியுமா?

கொள்ளிடக்கரை

கொடுக்கலாம். 30-36-36, 30-38-38 என்று வருபவை பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப். 30-40-40 பலதும் சாம்சங். எக்ஸ்போவோடு நிறுத்துவதென்றால் எடிட்டிங்கில் வித்தியாசமே தெரியாது. கையால் இறுக்க ஆசை இருந்தால் ஹைனிக்ஸ்தான் இடம் கொடுக்கும். வாங்கியதும் சிபியு-இசட் மென்பொருளில் சிப் யாருடையது என்று பார்த்துவிடலாம்.

பலன் அதிகம் தருவது ரெண்டே அளவு: டிஆர்எஃப்சி (ஒரு ரீஃப்ரெஷ், அதாவது சிப்பின் மின்னூட்டத்தைப் புதுப்பிப்பது, எடுக்கும் நேரம்), டிஆர்இஎஃப்ஐ (ரெண்டு ரீஃப்ரெஷுக்கு நடுவிலுள்ள இடைவெளி). 6000-இல் டிஆர்எஃப்சி வழக்கமாக 880-ஐ ஒட்டி இருக்கும். ஹைனிக்ஸ் என்றால் 500-க்கு இறக்கலாம். டிஆர்இஎஃப்ஐ வழக்கமாக 11,700, அதை ஏற்ற வேண்டும். வலையில் எல்லாரும் 65,535 வைக்கச் சொல்வார்கள். சிப்பிலிருக்கும் மின்னூட்டம் சூட்டில் வேகமாகக் கசியும், ரீஃப்ரெஷை அவ்வளவு தள்ளிப்போட்டால் ஏசி இல்லாத அறையில் தாங்காது. 32,768-இல் நிறுத்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு அளவை மட்டும் மாற்றி, டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையை ஓட்டுங்கள்.

பிழை முதல் ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே வந்தால் டைமிங்கோ வோல்ட்டேஜோ தப்பு. விடிடியை (ரேமுக்குப் போகும் மின்னழுத்தம்) 1.35-லிருந்து 1.40 வரை கொடுத்துப் பார்க்கலாம். அரை மணி கழித்து, ஸ்டிக் சூடேறிய பிறகு வந்தால் டிஆர்இஎஃப்ஐயைக் குறையுங்கள். ரேம் டெஸ்ட் பாஸ், ஆனால் ஆடியோ கரகரக்கிறது, யுஎஸ்பி விட்டுவிட்டு வருகிறது என்றால் எஃப்கிளாக்கைச் சந்தேகப்படுங்கள்.

உப்புக்காற்று

இன்னொன்று. வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால் போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி சீக்கிரம் தீரும். தீர்ந்தால் செட்டிங் எல்லாம் அழிந்து ரேம் 4800-க்குத் திரும்பிவிடும். "திடீரென்று மெஷின் மந்தம்" என்றால் முதலில் டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்கள். கையால் போட்ட அளவுகளை பயாஸ் ப்ரொஃபைலாகப் பென்டிரைவிலும் சேமித்து வையுங்கள்.

மாயூரம்_எடிட்

புரிந்தது. 2×32, 30-38-38 ஆர்டர் போடுகிறேன். அது வரும்வரை?

கொள்ளிடக்கரை

5200 செட்டைக் கழற்றிவிட்டு, 6000 சிஎல்36 ஜோடியை மட்டும் 2, 4-ஆவது ஸ்லாட்டில் போட்டு எக்ஸ்போவில் ஓட்டுங்கள். 32 ஜிபிதான், ஆனால் 3600-இல் தவழும் 64-ஐ விட டைம்லைன் லேசாக நகரும். 4கே-க்கு ப்ராக்ஸி ஃபைல் (எடிட் பண்ணுவதற்கு மட்டும் தரம் குறைத்த நகல்) போட்டுக்கொண்டால் அந்த 32-ஏ சமாளிக்கும்.