டயாலிசிஸுக்காக கழுத்தில் பெர்ம்கேத் டியூப் போட்டவர்களே, மெஷினில் போட்டதும் நடுக்கம் வந்திருக்கிறதா?

அப்பாவின் துணை
டயாலிசிஸுக்காக கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போடும் ஃபிஸ்டுலா அப்பாவுக்கு இரண்டு தடவை ஃபெயில், அதனால் கழுத்தில் பெர்ம்கேத். அன்றைக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது காய்ச்சலே இல்லை. மெஷினில் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. மூன்று போர்வை போர்த்தியும் நிற்கவில்லை. அவர் மோதிரம் கட்டில் கம்பியில் டகடகவென்று அடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏசி குளிர்தான் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த டயாலிசிஸிலும் அதே நடுக்கம். அப்புறம்தான் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர். ஸ்டாஃப் ஆரியஸ் என்ற பாக்டீரியா. டியூபை எடுத்துவிட்டார்கள்.

ஃபிஸ்டுலா கட்சி
டிரெஸ்ஸிங்கை நனையவிட்டிருப்பீர்கள். எனக்கு 5 மாதம் இந்த கதீட்டர் டியூப் இருந்தது, ஒன்றும் வரவில்லை.

ஒரு மகள்
உங்களுக்கு வரவில்லை என்றால் சந்தோஷம். அதற்காக அடுத்தவர் மேல் பழி போடாதீர்கள். அம்மாவுக்கு டியூப் வெளியே வரும் இடம் பளிச்சென்று இருந்தது. சிவப்பில்லை, சீழில்லை, காய்ச்சலும் இல்லை. முதுகுவலி மட்டும்தான். மெத்தை சரியில்லை என்று நினைத்து நான்கு வாரம் தைலம் தேய்த்தேன். எம்ஆர்ஐ எடுத்தால் முதுகெலும்பில் இன்ஃபெக்ஷன். ரத்தத்தில் போன கிருமி அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. வலித்த இடத்தையே அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் டெக்னீஷியன்
நடுக்கம் நிறைய பார்த்தாயிற்று, அதனால் என் கதை வேண்டாம். ஃபிஸ்டுலா கட்சி, வெளியே சுத்தம் என்றால் உள்ளேயும் சுத்தம் என்று அர்த்தமில்லை. டியூபின் உள்சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டியிருக்கும். மெஷின் ஓடியதும் ரத்தம் அதை உரசி உடம்புக்குள் கொண்டுபோகும். அதனால்தான் வீட்டில் சும்மா இருந்துவிட்டு இங்கே வந்து நடுங்குகிறார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், மருந்து போன பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். டியூப் மூடியைத் திறக்கும்போது நர்ஸ், நோயாளி இரண்டு பேருக்கும் மாஸ்க் வேண்டும். டியூப் முனையை மருந்து போட்டுத் தேய்த்து, காயவிட்டுத்தான் இணைக்க வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தக் காயவிடுவதுதான். நின்று பாருங்கள், கேளுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். இன்னொன்று, வேறு வார்டில் டிரிப்ஸ் ஏற்ற அந்த டியூபைத் தொடவே விடாதீர்கள்.

அப்பாவின் துணை
மகள் எழுதியதைப் படித்ததிலிருந்து உதறுகிறது. அப்பா மூன்று நாளாக இடுப்பு வலிக்கிறது என்கிறார். நாளைக்கு டயாலிசிஸ் இருக்கிறது, அங்கே சொல்லட்டுமா?

ஒரு மகள்
நாளைக்கு வேண்டாம். இப்போதே போன் பண்ணுங்கள்.