பால் சொசைட்டி பில்லிங்குக்கு வாட்டர்ஃபால் சரிப்படுமா?

புதுக்கோடர்: நாலு பேர் டீம். வாட்டர்ஃபால்னா ஒரு கட்டம் முழுசா முடிஞ்சாத்தான் அடுத்த கட்டம்; அதனால சொசைட்டி செயலாளர் எல்லா ரிக்வயர்மென்ட்டுக்கும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோடிங்னு மேனேஜர் சொல்றார். சரியா அண்ணே?

பழையகை: தம்பி, 1970ல அந்த வாட்டர்ஃபால் படத்தை ஒரு கட்டுரையில வரைஞ்ச மென்பொருள் நிபுணர் வின்ஸ்டன் ராய்ஸே, டெஸ்டிங்கைக் கடைசியில வைக்கிறது ஆபத்துன்னு அதே கட்டுரையில எழுதியிருக்கார். படத்தை எடுத்துக்கிட்டு எச்சரிக்கையை விட்டுட்டாங்க! கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) வச்சு விலை போடுற கணக்கை மட்டும் முதல்லயே எழுதி வாங்குங்க. ஸ்கிரீன், ரிப்போர்ட்டெல்லாம் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை ஓட்டிக் காட்டுங்க. பேப்பரைப் பார்த்துத் தலையாட்டுறவர், திரையைப் பார்த்தாத்தான் வாயைத் திறப்பார்.

டெஸ்டர்அக்கா: அதுக்காக டாக்குமென்ட்டே வேண்டாம்னு கிளம்பிடாதீங்க. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு காட்டுற அஜைல் முறைக்கான 2001 அறிக்கை அப்படிச் சொல்லல. ஓடுற மென்பொருளுக்கு முதலிடம், அவ்வளவுதான்.

புதுக்கோடர்: சரிக்கா, பட்டுவாடா ரிப்போர்ட்ல ஆரம்பிக்கிறோம்.