ஒலிவாங்கியை நெருங்கும்போது குரல் தடிப்பதற்கு என்ன சொல்?

மடல் 1: மொழிபெயர்ப்பவர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யக் கற்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பிராக்சிமிட்டி எஃபெக்ட்' என்ற சொல்லிலேயே மூன்று நாட்களாக நிற்கிறேன். முன்பக்க ஒலியைச் சிறப்பாக வாங்கும் ஒலிவாங்கிக்கு ஏறத்தாழ 30 செ.மீ.க்கும் குறைவாகப் பாடுபவர் நெருங்கினால், குரலின் தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டும் மிகுந்து ஒலிக்கத் தொடங்குகின்றன, 5 செ.மீ. வரை சென்றுவிட்டால் சொற்களே தெளிவிழக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிடுகிறது.

'அண்மை விளைவு' என்று எழுதி மாணவி ஒருவரிடம் காட்டினேன். "அருகில் போனால் சத்தம் கூடும் என்பதுதானே?" என்று கேட்டார். சத்தம் கூடுவது எல்லா ஒலிவாங்கிக்கும் பொது. தொலைவு பாதியானால் நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். நான் சொல்ல வந்தது குரலின் நிறம் மாறுவதை. அதைச் சொல் உணர்த்தவில்லை. உதவ வேண்டுகிறேன்.

மடல் 2: தமிழாசிரியர்

தம்பிக்கு வாழ்த்துகள். 'அண்மை'யைக் கைவிட வேண்டாம். அண்ணு, அணுகு, அணிமை, நண்ணு, நணுகு, நணி என்று பெருங்குடும்பமாக வழங்கும் சொற்களுள் அதுவும் ஒன்று. 'நண்பு' என்பதும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது என் துணிபு. மேலும், தொலைவுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நம் இலக்கணம் முன்பே கருதியிருக்கிறது. சேய்மையில் உள்ளவரை விளிக்கும்போது பெயர்கள் தம் மாத்திரை அளவு கடந்து நீண்டு ஒலிக்கும் என்று விளிமரபில் தொல்காப்பியர் கூறுகிறார். சேய்மை ஒலியை நீட்டுகிறது என்றால், அண்மை ஒலியை என்ன செய்கிறது என்பதே உங்கள் வினா.

குறை 'விளைவு' என்ற பொதுச்சொல்லில் இருக்கிறது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்கள் (ஸ்தாயிகள்) உண்டு, கீழ்த்தானமே மெலிவு. எனவே 'அண்மை மெலிவுமிகை' என்பதே பொருளை முழுமையாகத் தரும் தூய சொல்லாகும்.

மடல் 3: ஒலிப்பதிவாளர்

ஐயா, தங்கள் விளக்கத்தைப் பலமுறை படித்து மகிழ்ந்தேன். ஆயினும் இச்சொல்லை நான் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. இன்று பாட வரும் பிள்ளைக்கு 'மெலிவு' என்றால் இளைத்துப் போவது. தன் குரல் மெலிவுமிகையால் கெடுகிறது என்று படித்தால், குரல் நலிந்துவிட்டது என்று எண்ணி அவர் இன்னும் நெருங்கிப் போவார். நோய்க்கு நேரெதிரான மருந்தை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அதிலிருந்து சொல் பிறக்கலாம். திசைசார்ந்த ஒலிவாங்கியில் அதிர்தகட்டின் முன்புறமும் பின்புறமும் காற்று தொடுகிறது. இரு பக்க அழுத்தங்களின் வேறுபாடே மின்குறிப்பாக மாறுகிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், தொலைவிலிருந்து வரும்போது அந்த ஒலி இரு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே நிலையில் அடைகிறது. வேறுபாடு சிறிதாகவே இருக்கும். வாய் மிக அருகில் இருக்கும்போதோ, பின்புறத்துக்குச் சுற்றிச் செல்லும் அந்தச் சில செ.மீ. வழியே மொத்தத் தொலைவில் பெரும் பங்காகிவிடுகிறது. முன்புற அழுத்தம் ஓங்கி, தாழ்ந்த ஒலிகளின் வேறுபாடு பன்மடங்காகிறது. எல்லாத் திசையும் வாங்கும் ஒலிவாங்கியில் காற்று முன்புறத்தை மட்டுமே தொடுவதால், அதன் முன் எவ்வளவு நெருங்கினாலும் இது நேராது.

பாடகர்கள் "குரல் தடித்துக் கேட்கிறது" என்றே சொல்கிறார்கள். 'அண்மைத் தடிப்பு' என்பது என் முன்மொழிவு. கையேட்டில் தொலைவைச் 'சாண்' அளவில் கூறுவதும் நலம். விரித்த கையின் பெருவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரை ஏறத்தாழ 20 செ.மீ. வரும், தொடங்குபவருக்கு அதுவே ஏற்ற தொலைவு. பாடும்போது அளவுகோலை எடுப்பவர் எவருமில்லை, கை எப்போதும் உடனிருக்கிறது.

மடல் 4: தமிழாசிரியர்

அம்மா, தோலில் எழுவதும் தடிப்புத்தான். அதைவிட முதன்மையான தடை ஒன்று உண்டு: 'தடிப்பு' குற்றத்தையே குறிக்கிறது. மெல்லிய குரலுடையவர் தாலாட்டுப் பாடும்போது சற்று நெருங்கி நின்று, வேண்டுமென்றே இந்த நிறைவைப் பெறுவதில்லையா? கலைச்சொல் நிகழ்வைச் சொல்ல வேண்டும், தீர்ப்பு வழங்கக் கூடாது.

மடல் 5: மற்றோர் உறுப்பினர்

ஆசிரியர் ஐயாவின் தடை சரியானது. 'அண்மைக் கனம்' என்று கொள்ளலாமா? 'கனத்த குரல்' என்ற வழக்கு குறை, நிறை இரண்டுக்கும் பொருந்தும்.

கையேட்டில் ஒலிவாங்கிக்கு முன் வைக்கும் வலைத்தடுப்புக்கும் பெயர் வேண்டியிருக்கும். நன்னூல் பகரத்தையும் மகரத்தையும் இதழ் பொருந்தப் பிறப்பவை என ஒன்றாகச் சொன்னாலும், காற்று வெடித்து ஒலிவாங்கியை அறைவது பகரத்தில்தான். மகரத்தில் காற்று மூக்கு வழியே போய்விடுகிறது. 'பாடு' என்பதன் முதலெழுத்தும் 'அப்பா' என்பதன் இரட்டித்த எழுத்தும் மிகுதியாக அறையும். ஆதலின் 'மூச்சுத்திரை' என்று பெயரிடலாம். வாய்க்கு நேராக வைக்காமல் ஒலிவாங்கியைச் சற்றுச் சாய்த்து வைப்பதும் அதே காற்றை விலக்கும்.

மடல் 6: மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் நன்றி. 'கனம்' வடசொல் என்று இருவர் தனிமடலில் எழுதினார்கள். 'செறிவு' என்றார் ஒருவர். செறிவு என்றால் மாணவர்கள் கரைசலை நினைக்கிறார்கள். நேற்று அதே மாணவியிடம் 'அண்மைக் கனம்' என்று மட்டும் எழுதிக் காட்டினேன். "கிட்டப் போனால் குரல் கனக்கும்" என்று அவரே விரித்துரைத்தார். அதையே எடுத்துக்கொள்கிறேன். தடிப்பை முற்றும் விடவில்லை. அளவு மீறிய நிலையைச் சொல்லுமிடத்தில் 'கனம் மிகுந்து தடித்துவிடும்' என எழுதியிருக்கிறேன். மூச்சுத்திரையும் சாண் அளவும் அப்படியே இடம்பெறுகின்றன.

மடல் 7: தமிழாசிரியர்

அச்சு நெருங்குவதால் இந்தப் பதிப்புக்கு ஒப்புகிறேன். குழுவின் சொற்பட்டியலில் ஏற்ற ஒப்பவில்லை. ஒரு சொல்லின் பழம்பொருள் இன்று மறந்துபோயிற்று என்பதால் அதை விலக்கினால், அது நினைவுக்கு வரும் வாய்ப்பையும் நாமே அடைக்கிறோம். மெலிவு, சமன், வலிவு மூன்றையும் கையேட்டின் அருஞ்சொல் விளக்கத்திலேனும் தம்பி சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.